காணி பார்க்கும் டாக்டர் மகளுக்கு

அன்புள்ள டாக்டர் மகளுக்கு,

நீங்கள் போனில் அனுப்பிய பிளானைப் பார்த்தேன். பசறை வீதிக்கு மேலே 12 பேர்ச். இந்தக் கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள், பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்று ஒரு வரி. இரவுக் கடமை முடிந்த கையோடு அனுப்பியிருக்கிறீர்கள் என்பது நேரத்தைப் பார்த்தாலே விளங்குகிறது. அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஏனென்று பொதுவிலேயே எழுதுகிறேன். பதுளை ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டு காணி தேடும் இளம் டாக்டர்கள் வேறு பலரும் இதே கேள்வியோடுதான் என் நொத்தாரிசுக் கந்தோருக்கு வருகிறார்கள்.

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாற்றலாகி வரும் டாக்டர் காணிக்கு அவசரப்பட மாட்டார். ஊரில் தகப்பன் பெயரில் ஒரு வீடு இருக்கும், அலுமாரியில் அதன் உறுதி இருக்கும். அவசரப்படுவது நம் தோட்டத்துப் பிள்ளைகள்தான். பாட்டன் காலத்திலிருந்து லயத்துக் காம்பிராவில் இருந்தும் ஒரு அங்குல நிலத்துக்குக் காகிதம் இல்லாத குடும்பம். முதல் சம்பளம் வந்ததும் 'என் பெயரில் ஒரு துண்டு' என்று மனம் அடித்துக்கொள்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பசி தரகருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்து டாக்டரிடம் சொல்லாத விலையை உங்களிடம் சொல்வார். அவரிடம் காட்டவே துணியாத காணியை உங்களிடம் காட்டுவார்.

முதலில் உங்கள் காலக்கணக்கைப் பாருங்கள். உள்ளகப் பயிற்சி முடிந்து இப்போது மருத்துவ அதிகாரி. அடுத்தது பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை என்று சொன்னீர்கள். அதில் எடுபட்டால் பயிற்சிக்குக் கண்டியோ கொழும்போ போக வேண்டிவரும். எம்.டி. முடித்தபின் வெளிநாட்டுப் பயிற்சி. திரும்பி வந்து நிபுணராகும்போது வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நியமனம். இந்தக் காலம் முழுக்க பசறை வீதி வீட்டில் யார் இருப்பது? பூட்டிய வீட்டில் ஓட்டைக் குரங்கு பிடுங்கும், சுவரில் பாசி ஏறும். வாடகைக்கு விட்டால் குடியிருப்பவரை எழுப்ப நீங்கள் நிபுணராகும் காலம் ஆகும்.

ஆகவே பயிற்சிக் காலத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் அதிலேயே இருங்கள். கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகை வீடு பாருங்கள். அழைப்பு வந்தால் ஓட்டோ தேடும் நேரம்கூட உங்களுக்கு இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தின் முன் நிற்காது. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையெழுத்திட்டு ஒரு வருட முற்பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் ஓடி வருகிறார்கள்.

இனி அந்தக் காணி. பிளானில் சரிவு தெரியாது. இந்த மாவட்டத்தில் உறுதியைப் பார்க்கும் முன் மலையைப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பை மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. சனத்துக்குப் போக இடமில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழை நாடெங்கும் மலைகளைச் சரித்தபோது பதுளை மாவட்டம் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் நீங்கள் வாட்டில் நின்றவர்.

தரகர் காணியை ஆடி, ஆவணியில் காட்டுவார். காற்றும் வெயிலுமாக மண் கல்லாகக் கிடக்கும். நீங்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போங்கள். மேலே ஏறிப் பாருங்கள், காணி முடியும் எல்லையோடு நின்றுவிடாதீர்கள். மேலே கைவிட்ட தேயிலை இருந்தால் அதன் கான்களைப் பாருங்கள். துரைமார் காலத்தில் மலையைச் சுற்றி வெட்டிய அந்தக் கான்கள்தான் மழைத்தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கொழுந்து எடுப்பதை நிறுத்திய மலையில் கான் வெட்டவும் ஆள் இல்லை. தண்ணீர் நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. சவுக்கோ சபுமரமோ அடியில் வளைந்து நிமிர்ந்திருக்கிறதா, நேற்றுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பியிருக்கிறதா, பக்கத்து வீட்டில் கதவு இறுகிப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்குச் சமதரை எடுக்கப் பின்பக்க மண்ணைச் செங்குத்தாக வெட்டியிருந்தால் அந்தக் காணியைப் பற்றி மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வரைபடம் இருக்கிறது, 1:10,000 அளவில்கூட. இம்மாவட்டத்தில் கட்டட அனுமதிக்கு அவர்களின் அறிக்கை வேண்டும். பலர் காணியை வாங்கியபின் அந்த அறிக்கைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வாங்கும் முன் எடுங்கள். விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவே உங்களுக்கு அறிக்கை. குடி போனபின் ஒரு மழைமானியும் வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். நீங்கள் வாட்டில் இருக்கும் இரவில் அதைப் பார்த்து முடிவெடுக்கப் போவது உங்கள் அம்மா, அவருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பண்டாரவளைப் பக்கம் பார்ப்பதானால் இன்னொன்று. உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தில் 2014 கடைசியில் தண்ணீர் பீறிட்டபின் அங்கே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. ஆகவே புதிதாகப் பூச்சுப் பூசிய சுவரை நம்பாமல் கிணற்றை எட்டிப் பாருங்கள், எந்த வருடம் வெட்டியது என்றும் கேளுங்கள்.

மலை சரியென்றால் காகிதத்துக்கு வருவோம். 'தோட்டத்துக் காணி, மலிவு' என்று சொல்வோரிடம் திரும்பியும் பார்க்காதீர்கள். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்த தோட்டங்களைத்தான் 1992 இலிருந்து கம்பனிகள் நடத்துகின்றன. கம்பனிக்கே விற்க உரிமையில்லாத நிலத்தை லயத்துக்காரர் எப்படி விற்பார்? சமாதான நீதவான் முன் கையெழுத்திட்ட கடதாசி ஒரு காணியையும் மாற்றாது. 7 பேர்ச் வீட்டுத் திட்ட வீடு என்றால் உறுதி கைக்கு வந்ததா, விற்பதற்குத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு அளிப்புப் பத்திரக் காணி, அதாவது சுவர்ணபூமி, ஜயபூமி போன்றவை, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ் வருகின்றன. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அவற்றை விற்க முடியாது.

உங்கள் பசறை வீதிக் காணியில் எனக்கு உறுத்துவது வேறு. விற்பவருக்கு அது தாயாரிடமிருந்து நன்கொடை உறுதியாக வந்தது என்று முன்பு சொல்லியிருந்தீர்கள். குடும்பம் கண்டிச் சிங்களக் குடும்பம். 1938 ஆம் ஆண்டின் கண்டிச் சட்டக் கட்டளையின்படி நன்கொடை கொடுத்தவர் தம் வாழ்நாளில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எடுக்க மாட்டேன் என்று உறுதியிலேயே எழுதி விட்டுக்கொடுத்திருந்தால் ஒழிய. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு, நான் வாசித்துப் பார்க்கிறேன். தாயார் உயிரோடு இருக்கிறாரா என்பதை மட்டும் நீங்கள் கேட்டு வையுங்கள். இந்த ஒரு கேள்வி தெரியாமல் ஊவாவில் காணி வாங்கிய வெளியூர்க்காரர் எத்தனையோ பேர். பிரிபடாத பங்கு என்ற சொல் உறுதியில் எங்காவது வந்தாலும் நின்றுவிடுங்கள். அது மதில் கட்டிய காணியாக இருந்தாலும் மற்றப் பங்காளிகள் பங்குபிரித்தல் வழக்குப் போடலாம்.

பணக் கணக்கு சுருக்கமாக. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 50 இலட்சக் காணிக்கு 1,99,000 ரூபா. அதை வாங்குபவர்தான் கட்டுவது. விலையைக் குறைத்து எழுதலாம் என்று யோசனை சொல்வோரின் பேச்சைக் கேட்காதீர்கள், மாகாண இறைவரிக்காரர் சந்தை விலையைக் கேட்பார்கள். வங்கிக் கடனை மேலதிகக் கடமைக் காசைச் சேர்த்துக் கணக்கிடாதீர்கள். பிரசவ விடுமுறையிலும் வெளிநாட்டுப் பயிற்சியிலும் அது வராது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த டாக்டர்கள் சிலர் அந்த வருடம் வீட்டை விற்றுத்தரச் சொல்லி என் மேசைக்கு வந்தார்கள்.

அம்மாவின் ஈ.பி.எஃப். காசை இதில் போடலாம் என்றும் முன்பு சொல்லியிருந்தீர்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்த காசு அது. போடுவதானால் அவர் பெயரும் உறுதியில் இருக்கட்டும். அப்படியிருந்தால் அவர் மரணசாதனம் எழுதாமல் கண்மூடினால் அவர் பங்கில் பாதி அப்பாவுக்கு, மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. தம்பிமார் இரண்டு பேர் இருக்கிறார்கள், இதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பதுளை டவுனில் ஒரு வீட்டுக்குள் பகல் முழுக்கத் தனியாக இருக்க அவருக்கு விருப்பமா? பீலியடியும் கோயிலும் பக்கத்து இஸ்தோப்பில் பேச ஒரு ஆளும் இல்லாத வீட்டில் பலர் ஒரு மாதத்தில் தோட்டத்துக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். டாக்டர் வீட்டில் டாக்டர் இருப்பது குறைவு. யார் அதிக நேரம் இருக்கப்போகிறாரோ அவருக்குப் பிடித்த இடத்தில் வாங்குங்கள்.

பிள்ளை பிறந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடலாம் என்று உங்கள் மாமியார் சொன்னாராம். டயகமையிலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை 2021 ஜூலையில் தீக்காயங்களோடு இறந்தாள். மறந்திருக்க மாட்டீர்கள். வயது வந்த பெண்ணாகப் பாருங்கள், மாதச் சம்பளத்தைத் தரகர் கையில் கொடுக்காமல் அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள், கிழமையில் ஒரு நாள் லீவு கொடுங்கள். இதை ஒரு நொத்தாரிசு சொல்ல வேண்டிய விஷயமா என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்து வீடுகளிலிருந்து இப்படி வேலைக்குப் போன, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களைச் சாட்சிகளாகக் கையெழுத்துப் போட வைத்த உறுதிகளையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இப்போதைக்கு விற்பவரின் உறுதி இலக்கத்தையும் பழைய பிளானையும் சோலைவரிப் பற்றுச்சீட்டையும் அனுப்புங்கள். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத் தேடுதல் போடச் சொல்கிறேன். சனிக்கிழமை உங்களுக்குக் கடமை இல்லை என்றால், மழை பெய்தாலும் பரவாயில்லை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேலே ஏறிப் பார்ப்போம். பாதணியில் அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பதுளையிலிருந்து ஒரு நொத்தாரிசு