மெட்டியைக் கழற்றாதே

அன்புள்ள கயல்விழிக்கு,

காணையிலிருந்து பெரியம்மா எழுதுவது. ஆலை வேலை இன்டர்வியூவுக்கு மெட்டியைக் கழற்றிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. கல்யாணத்தை மறைத்துச் சேர்ந்தால் நாளைக்கு வயிற்றில் பிள்ளை வந்தாலும் மறைக்க வேண்டும். பேறுகால விடுப்பு கேட்க வாய் வராது.

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை ஐபோன் தயாரிக்கும் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கேட்டிலேயே காவலாளி "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதாக இரண்டு பெண்கள் சொல்லியிருந்தார்கள். பாகுபாடு காட்டவில்லை என்றது கம்பெனி. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976 சம ஊதியச் சட்டத்தைக் காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. தொழிலாளர் துறை அதிகாரிகளும் ஆலைக்குப் போனார்கள். ஆனால் உள்ளே வேலை பார்ப்பவர்களிடம் விசாரித்ததோடு சரி. ஆள் எடுத்த ஆவணங்களை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று ஆணையமே பிறகு குறை சொல்லி, மறுபடி விசாரிக்கச் சொன்னது. வேலை கிடைத்தவளிடம் போய் "வேலை தர மறுத்தார்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? எனக்கு ஆத்திரமே அதில்தான். திருப்பி அனுப்பப்பட்டவளின் மனு ஃபைலில் இருந்திருந்தால் இப்படித் தட்டிக்கழிக்க முடியுமா?

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. ஆண், பெண் என்று பார்த்து ஆள் எடுப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது அது. கல்யாணத்தைப் பற்றி அதில் எங்கே இருக்கிறது என்று உன்னை மடக்குவார்கள். கல்யாணமான ஆண்களை எடுக்கிறீர்களா என்று திருப்பிக் கேள். கல்யாணம் செய்துகொண்டதற்காக ராணுவ நர்ஸ் செலினா ஜானை வேலையை விட்டு நீக்கியது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

"கல்யாணம் ஆகாதவர்கள் மட்டும்" என்று ஏஜென்ட் உனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை அழித்துவிடாதே. கேட்டில் திருப்பி அனுப்பினால் தேதி, நேரம், அவர்கள் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வை. ஆலை இருக்கும் மாவட்டத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் மனு போடு. இன்னொரு மனுவை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள். உடனே வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, அலைய வேண்டியிருக்கும். தனியாக அலையாதே, என்னைக் கூப்பிடு, கூட வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா