வசைச்சொற்கள்: பொருள் மாற்றமும் மன வலியும்

முன்னுரை

சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. ஒரு காலத்தில் பெருமையாக வழங்கிய சொல் மற்றொரு காலத்தில் பழிச்சொல்லாவதும், பழிச்சொல்லாக இருந்தது பெருமைப் பெயராவதும் எல்லா மொழிகளிலும் காணப்படும் இயல்பாகும். தமிழில் இம்மாற்றம் நிகழும் முறையையும், அச்சொற்களைக் கேட்போர் அடையும் துன்பத்தையும் இக்கட்டுரையில் காண்போம். 'விளையாட்டாகத்தானே சொன்னேன்' என்று இளைஞரும், 'அச்சொல்லுக்கு உண்மையில் நல்ல பொருள்தான்' என்று முதியோரும் கூறும் சமாதானம் பொருந்துமா என்பதே நம் வினாவாகும்.

பொருள் மாறும் வகை

உயர்ந்த பொருளிலிருந்து ஒரு சொல் தாழ்வதை இழிபொருட்பேறு என்றும், தாழ்ந்த பொருளிலிருந்து உயர்வதை உயர்பொருட்பேறு என்றும் மொழியியலார் வழங்குவர். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று தீய மணத்தையே குறிக்கிறது. கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த 'களிப்பு' இன்று மகிழ்ச்சியைக் குறிக்கிறது. இவற்றால் எவர்க்கும் தீங்கில்லை. 'நாற்றம்' தாழ்ந்ததற்காக எந்த மலரும் வருந்துவதில்லை.

மக்களைக் குறிக்கும் சொற்களின் நிலை வேறு. முதலில் மக்கள் தாழ்த்தப்படுகின்றனர். பின்னர் அவர்தம் பெயர் தாழ்கிறது. அதன்பின் அத்தாழ்ந்த பெயரே அவர்களை மேலும் தாழ்த்தும் கருவியாகிறது.

'நொண்டி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நொண்டி நாடகம் என்பது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயராலும் ஒரு நொண்டி நாடகம் உண்டு. தீயொழுக்கத்தால் கால் இழந்த நாயகன் திருந்தி மீண்டும் கால் பெறுவதே இவ்வகை நாடகங்களின் கதைப்போக்கு. அன்று இலக்கிய வகைக்கே பெயராய் அமைந்த அச்சொல்லை இன்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல இயலாது. தமிழக அரசு 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை வழக்கில் கொண்டுவந்ததன் காரணமும் இதுவே.

இடத்தால் மாறும் பொருள்

காலத்தால் மட்டுமன்றி இடத்தாலும் பொருள் மாறும். பென்னாகரம் வட்டத்து ஏரியூர்ப் பகுதியினர் இதை நூலறிவால் அன்றிப் பட்டறிவாலேயே அறிவர். பெங்களூரு நகருக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தமிழரைக் கன்னடம் பேசுவோர் சிலர் 'கொங்க' என்று இழித்துரைப்பதுண்டு. 'கொங்கு' என்பது சங்க காலந்தொட்டு வழங்கும் நாட்டுப் பெயர். நம் அண்டை மாவட்டத்தார் பெருமையோடு தம் பெயர்களில் சேர்த்துக்கொள்ளும் சொல். மலை கடந்தவுடன் அதுவே வசையாகிறது. காவிரிச் சிக்கலையொட்டி 1991 டிசம்பரில் கருநாடகத்தில் தமிழர் தாக்கப்பட்ட நாள்களை அறிந்தவர்க்கு அச்சொல் வெறும் கேலியாக ஒலிக்குமா?

'துலுக்கர்' என்னும் சொல்லும் இத்தகையதே. துருக்கர் என்பதன் திரிபு இது. இராவுத்தர், மரைக்காயர், லெப்பை முதலிய தமிழ் முஸ்லிம்களையும் இச்சொல் குறிக்கலாயிற்று. திருவரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் வழிபடப்படுகிறார். தோட்டத்தில் துலுக்கச் சாமந்தி பூக்கிறது. அங்கெல்லாம் இழிவு சிறிதுமில்லை. ஆயினும், வகுப்பறையில் ஒரு மாணவனை நோக்கி ஒருமையில் அச்சொல் வீசப்படும்போது, அவனை இம்மண்ணுக்கு அயலானாக்கும் குறிப்பு அதில் ஏறிவிடுகிறது. இலங்கையிலோ 'சோனகர்' என்னும் பழம்பெயர் அரசின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலேயே முஸ்லிம்களின் இனப்பெயராக மதிப்புடன் நிற்கிறது.

பெயரை ஏற்றலும் மாற்றலும்

இழிவுபடுத்தப்பட்டோர் இருவழிகளில் இதனை எதிர்கொண்டனர். இழித்த பெயரையே தலைநிமிர்ந்து ஏற்பது ஒன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டு தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புறுத்தப்படும் இச்சாதிப்பெயர், ஆங்கில மொழியிலும் புகுந்து, ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளைப் பெற்றிருந்த காலம் அது. மறைத்தால் இழிவு நீங்காது, வெளிப்படச் சொன்னாலே உரிமை கேட்கலாம் என்பது அப்பெருமகனார் கண்ட நெறி.

பெயரை மாற்றுவது மற்றொன்று. எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. காந்தியடிகள் 'அரிசனர்' என்னும் பெயரைப் பரப்பினார். 1933இல் அப்பெயரிலேயே இதழும் தொடங்கினார். அன்பினால் இடப்பட்ட அப்பெயரை அம்மக்களுள் பலர் ஏற்கவில்லை. காலப்போக்கில் அதுவும் வசையாகவே வழங்கப்பட்டதை 2017இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எனவே, மனம் மாறாமல் பெயரை மட்டும் மாற்றினால், பழைய இழிவு புதிய பெயரிலும் குடியேறிவிடும் என்பது தெளிவு.

நீதிமன்றம் கண்ட பொருள்

'சொல்லின் மூலப்பொருள் நல்லதே' என்னும் வாதத்துக்கும் விடை கிடைத்துள்ளது. வட இந்தியாவில் 'சமார்' என்னும் சாதிப்பெயரால் ஒருவரை இழித்த வழக்கில், சொற்பிறப்பைப் பார்த்தல் ஆகாது, இன்று மக்கள் வழக்கில் அச்சொல் தரும் பொருளையே பார்க்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2011இல் இக்கருத்தை அது மீண்டும் வலியுறுத்தியது. இழிவுபடுத்தும் நோக்குடன் சாதிப்பெயரைச் சொல்வது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றும் உரைத்தது. மொழியியல் நோக்கிலும் இது சரியான கொள்கையே. ஒரு சொல்லின் இன்றைய பொருளை அதன் வேர் உறுதிசெய்வதில்லை, வழக்கே உறுதிசெய்கிறது.

தலைமுறை இடைவெளி

'எங்கள் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். யாரும் கோபிக்கவில்லையே' என்று பெரியோர் சிலர் கூறுவர். அன்று கேட்டவர் கோபிக்காமைக்குக் காரணம், சொல்லில் குற்றமின்மை அன்று. மறுநாள் கூலிக்கு அதே வாசலில் நிற்க வேண்டியிருந்ததே காரணம். பாட்டனார் விழுங்கிய சொல்லைக் கல்வி பெற்ற பேரன் விழுங்க மறுக்கிறான். சொல் அதுவே, கேட்பவன் தன் உரிமையை அறிந்துகொண்டான்.

இளைஞரிடையே இதற்கு நேர்மாறான நிலை. அவர்கள் பொருளறியாமலேயே வசையை நகைச்சுவையாக்குகின்றனர். 'ஒன்பது' என்னும் எண்ணைச் சொல்லி நகைக்கும் மாணவன், அவ்வெண்ணால் விரட்டப்பட்டுப் படிப்பை இழந்த திருநங்கையை எண்ணிப் பார்ப்பதில்லை. சொல்பவன் மறந்துவிடுகிறான், கேட்டவர் மறப்பதில்லை.

முடிவுரை

தகாத சொல்லை விலக்குதல் தமிழுக்குப் புதிதன்று. இடக்கரடக்கல், மங்கலம் என்பவற்றை நன்னூலார் தகுதி வழக்கில் அடக்கினார். நாவினால் சுட்ட வடு ஆறாது என வள்ளுவர் எச்சரித்தார். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும், தீய பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயம் தடை செய்கிறது. இடக்கரான பொருளை மறைக்கக் கற்ற நாம், உடன் வாழ்வோரைப் புண்படுத்தும் சொல்லை விலக்கவும் கற்க வேண்டும்.

ஆசிரியர் வகுப்பில் இச்சொற்களின் வரலாற்றை மூடி மறைக்காமல் கற்பித்தல் நன்று. பெரியோர் பழைய வழக்கைக் காரணம் காட்டாதிருத்தல் நன்று. மாணவர், ஒருவரை எப்பெயரால் அழைப்பது என்பதை அவரிடமே கேட்டறிதல் நன்று. சொல்லின் பழம்பொருளை அகராதியில் தேடலாம்; அது தரும் வலியைக் கேட்டவரிடமே அறிய முடியும்.