தாளில் எழுந்த வானூர்தி

தாளைக் கொண்டு செய்யும் விளையாட்டுப் பொருள் என்றவுடன், மழைநீரில் மிதக்கவிடும் கப்பலும் மாடியில் ஏற்றும் பட்டமுமே நம் நினைவுக்கு வரும். அவை ஒரு நாழிகை இன்பத்துக்கு உரியவை. ஆனால், உண்மை வானூர்தி ஒன்றின் உருவை அளவு பிசகாமல் நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி, வெறும் தாளாலும் பசையாலும் செய்து நிறுத்தும் கலை ஒன்றும் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் அது நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருகின்றது. போலந்து நாட்டில் 1957-ஆம் ஆண்டு ஓர் இதழ் தோன்றியது. ‘சிறிய உருவமைப்பாளன்’ என்பது அதன் பெயரின் பொருள். படிப்பதற்குரிய கதையோ கட்டுரையோ அதன் சிறப்பன்று. வெட்டி ஒட்டுதற்குரிய வண்ணத் தாள்களே அதன் உயிர். அவற்றை வாங்கிய சிறுவர் கப்பலும் ஊர்தியும் செய்து மகிழ்ந்தனர்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், என் பேரனோடு அமர்ந்து யானும் இக்கலையை ஒருவாறு கற்றேன். ஏட்டுச்சுவடியோடு பழகிய கைக்குக் கத்தரிக்கோல் பழகச் சில நாள் ஆயிற்று.

நாங்கள் எடுத்துக்கொண்டது லாக்ஹீடு நிறுவனத்தார் படைத்த ‘கான்ஸ்டலேஷன்’ என்னும் பழைய பயணிகள் விமானம். விண்மீன் கூட்டம் என்பது அப்பெயரின் பொருள். அது முதன்முதலாக வானில் எழுந்தது 1943-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில். அதன் உடல் ஏனைய விமானங்களைப் போல் நேரான குழாய் அன்று. நீரைவிட்டுத் துள்ளும் மீனைப் போல் மெல்ல வளைந்தது. அவ்வளைவு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. வலிய எந்திரங்கள் நான்கினுக்கும் நீண்ட சுழல்விசிறிகள் வேண்டியிருந்தன. விசிறி தரையில் படாதிருக்க ஊர்தி உயர்ந்து நிற்றல் வேண்டும். அங்ஙனம் நிற்பின் முன்சக்கரத்தின் கால் மிக நெடியதாகிவிடும். ஆதலின் மூக்கைச் சற்றே தாழ்த்தினர். வாலிலும் ஒரு புதுமை உண்டு. ஒரே தகடாக உயர்த்தினால் அக்காலத்து விமானக் கொட்டகைகளுள் நுழையாது என்று கருதி, குறுகிய தகடுகள் மூன்றை நிறுத்தினர்.

இந்தியாவுக்கும் இவ்விமானத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், ஏர் இந்தியா இன்டர்நேஷனல் நிறுவனத்தின் முதல் வெளிநாட்டுப் பயணம் பம்பாயில் தொடங்கியது. கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி இலண்டனைச் சேர்ந்த அவ்விமானம் ஒரு கான்ஸ்டலேஷனே. ‘மலபார் பிரின்சஸ்’, அதாவது மலபார் இளவரசி, என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். அதனையே செய்வோம் என்றான் பேரன்.

எங்களுக்குக் கிடைத்த அச்சுத்தாள்களோ அமெரிக்க நிறுவனம் ஒன்றன் வண்ணத்தில் இருந்தன. அவ்வண்ணத்தை நீக்கி நம் வண்ணத்தைத் தீட்டுதல் வேண்டும். இக்காலத்தில் அதனைக் கணிப்பொறித் திரையிலேயே செய்யலாம். பேரன் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிட்டு என்னை அழைத்தான். சென்று நோக்கினேன். ஒவ்வொரு சாளரத்தைச் சுற்றியும் அரண்மனைப் பலகணி போன்ற சிவந்த வளைவு அழகாகப் பொலிந்தது.

“தம்பி, இவ்வளைவுகள் எந்த ஆண்டில் வந்தன?” என்று வினவினேன்.

அவன் தேடிப் பார்த்தான். அக்கோலம் 1971-ஆம் ஆண்டில் போயிங் 747 விமானத்தோடு வந்தது. 1948-இல் பறந்த ஊர்தியில் அது எங்ஙனம் இருக்கும்? சங்கப் பாட்டுக்கு நடுவே பிற்காலச் சொல் ஒன்றைப் புகுத்தினால் புலவர் சிரிப்பர். விமானம் அறிந்தவரும் இதனைக் கண்டு அவ்வாறே சிரிப்பர். முகம் வாடினாலும் அவன் மறுக்கவில்லை. அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினான். பழைய நிழற்படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் கருநீலமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் ஒரு படத்தை மட்டும் நம்புதல் ஆகாது. மெருகிட்ட உலோகத்தின் சாம்பல் வெண்மை, சிவப்பு, மேற்பாதி மனிதனும் கீழ்ப்பாதி குதிரையுமாய் வில் வளைத்து நிற்கும் நிறுவனச் சின்னம் ஆகிய இவை எங்களுக்குப் போதுமானவையாயின.

வண்ணம் மாற்றுவதில் உள்ள அருமை இனித்தான் தெரிந்தது. விமானத்தின் உடலைப் பல வளையங்களாகச் செய்து ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். நடுவிலுள்ள சில நீங்கலாக, ஒவ்வொரு வளையமும் நுனி அறுத்த கூம்பு. கூம்பை விரித்துத் தாளில் கிடத்தினால் அது விசிறிபோல் அகலும். ஆகவே, ஊர்தியின் இருபக்கமும் நேராக ஓடவேண்டிய கோடு, தாளில் ஒருபக்கம் இடப்புறமும் மறுபக்கம் வலப்புறமுமாகச் சாய்ந்து நிற்கும். தாளில் நேராக இழுத்துவிட்டாலோ, ஒட்டியபின் வளையத்துக்கு வளையம் படிக்கட்டாகத் துண்டு துண்டாய் முறிந்து தோன்றும். அதனால் முதலில் வண்ணமின்றி வெறுந்தாளில் ஒரு விமானம் செய்து பார்த்தோம். தேருக்கு வெள்ளோட்டம் விடுவதைப் போன்றது இது. அவ்வெள்ளை ஊர்தியின்மேல் எழுதுகோலால் கோடிட்டு, பின்னர் அதனைப் பிரித்துத் தாளாக்கி, கோடு எங்கெங்குச் சாய்கின்றது என்று கண்டோம்.

இவ்வளவு செய்தும் ஒரு பிழை நேர்ந்தது. இடப்பக்கத்தை முடித்த பேரன், வலப்பக்கத்துக்கு அதனையே கண்ணாடி நிழல்போல் திருப்பி வைத்தான். கோடுகள் செம்மையாக அமைந்தன. எழுத்துகளோ தலைமாறி ஓடின! அச்சிட்டபின்தான் அதனைக் கண்டோம். மீண்டும் தாள் வீணாகாதிருக்க, பெயரையும் பதிவெழுத்தையும் மெல்லிய தாளில் தனியே அச்சிட்டு இறுதியில் ஒட்டுவது என்று முடிவு செய்தோம்.

பின்பு கட்டும் வேலை தொடங்கியது. மை தீர்ந்த பேனாவின் முனையால் மடிப்புக் கோடுகளை அழுத்திக் கீறினோம். வளையத் தாள்களைத் துணிமேல் இட்டு, உருண்டைக் கோலால் உருட்டி வளைத்தோம். வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தோன்றாதபடி ஒவ்வொன்றின் விளிம்பிலும் அதனதன் நிறம் பூசினோம். பசையைச் சிறிதளவே தடவ வேண்டும். மிகுந்தால் தாள் நனைந்து நெளியும். மூக்கை மூடுவதற்குமுன் உள்ளே ஓர் இரும்பு மரையை வைத்து ஒட்டினோம். இல்லாவிடின் வால் கனத்து, முன்சக்கரம் தரையைவிட்டு எழுந்துவிடும். சிறகுகளின் அகலம் 37.5 செண்டிமீட்டர், மெய்யான ஊர்தியில் அது 123 அடி. நான்கு விசிறிகளுக்குப் பன்னிரண்டு இதழ்கள் வெட்டிய இரவில் என் கண் மிகவும் களைத்தது.

எஞ்சியவை எழுத்துகளே. ‘வி.டி.-சி.கியூ.பி.’ என்பது மலபார் இளவரசியின் பதிவெழுத்து. அதன் உடன்பிறப்புகள் இரண்டினுக்கும் இறுதி எழுத்து மட்டுமே வேறு. ஒன்றற்கு ‘ஆர்’, மற்றொன்றற்கு ‘எஸ்’. ஆங்கிலத்தில் ‘பி’ என்னும் எழுத்துக்கு ஒரு கால் சேர்த்தால் ‘ஆர்’ ஆகிவிடும். நம் ஏட்டுச்சுவடிகளிலும் இத்தகைய இடர் உண்டு. அவற்றில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ஒரு காலைத் தவறாகப் படித்துப் பொருளையே இழந்தோர் பலர்.

எழுத்துகளை ஒட்டப்போகும்போது பேரன், “தாத்தா, இவ்விமானம் இப்போது எங்கே இருக்கின்றது?” என்று கேட்டான்.

மறைக்க மனமின்றிக் கூறினேன். 1950-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் அது ஜெனீவாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த முடியாகிய மோன்பிளாங்கில் மோதி அழிந்தது. ஊழியரும் பயணிகளுமாக அதில் இருந்த 48 பேரும் மாண்டனர். பயணிகளுள் பெரும்பாலோர், கப்பலில் வேலை செய்யச் சென்றுகொண்டிருந்த இந்திய மாலுமிகள். மலைச்சரிவின் பனியாறு பல்லாண்டுகள் கழித்து அதன் துண்டுகள் சிலவற்றை வெளியே கொணர்ந்தது.

பேரன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “ஒரு கால் சேர்த்தால் இது வேறு விமானம் ஆகிவிடுமே, தாத்தா. சேர்த்துவிடலாமா?” என்றான்.

“சேர்க்கலாம். ஆனால், நாம் பார்த்துப் பார்த்து வண்ணம் எடுத்தது எந்த விமானத்தின் படத்திலிருந்து?” என்று மட்டும் கேட்டேன்.

அன்றிரவு எழுத்துத் தாள் மேசைமேல் வெட்டப்படாமலே கிடந்தது. மறுநாள் காலையில் யான் எழுந்து வந்தபோது, மூன்று சக்கரங்களும் தரையில் பொருந்த ஊர்தி நின்றது. மூக்கின் அருகே பெயர் ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடியை அணிந்துகொண்டு, குனிந்து வாலைப் பார்த்தேன். இறுதி எழுத்து ‘பி’ ஆகவே இருந்தது. பசை இன்னும் உலரவில்லை.