வீட்டுக் குடிநீருக்கு ஆர்.ஓ. கருவி தேவையா?

புதிதாக ஆழ்துளைக் கிணறு அமைத்தவுடன் அதன் நீரைப் பாசனத்துக்கென ஆய்வு செய்து பார்க்கும் பழக்கம் உழவர் பெருமக்களிடையே நன்கு பரவியுள்ளது. மண்ணைக் கெடுக்கும் நீரைப் பயிருக்குப் பாய்ச்ச எவரும் விரும்புவதில்லை. ஆனால் அதே கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பத்துக்காக அதே ஆய்வைச் செய்வோர் சிலரே. சிலர் ஆய்வு ஏதுமின்றி அப்படியே குடிக்கின்றனர். வேறு சிலர் ஆய்வு ஏதுமின்றிப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஆர்.ஓ. கருவி வாங்கிச் சுவரில் மாட்டி விடுகின்றனர். இவ்விரண்டும் சரியல்ல. கருவி எந்த நீருக்குத் தேவை, எந்த நீருக்குத் தேவையில்லை என்பதை விழுப்புரம், திண்டிவனம் வட்டார உழவர்களைக் கருத்திற்கொண்டு இங்கே காண்போம்.

கருவி வேலை செய்யும் விதம்

மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் துண்டுகளிலுள்ள நீர் வெளியேறி உப்பை நோக்கி வருகிறது. உவர் நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவது இதே காரணத்தால்தான். மெல்லிய சவ்வின் ஒருபுறம் உப்பு குறைந்த நீரும் மறுபுறம் உப்பு மிகுந்த நீரும் இருந்தால், நீர் உப்பு மிகுந்த பக்கத்துக்கே செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். உப்பு நீரின் பக்கம் பம்பு கொண்டு அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் சென்று, உப்பைப் பின்னால் விட்டுவிடும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே ஆர்.ஓ. என்பதாகும்.

இதற்கு ஏற்ற சவ்வினை 1960ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் லோப் என்பவரும், இந்தியாவைச் சேர்ந்த சௌரிராஜன் என்பவரும் ஆவர். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010ஆம் ஆண்டிலும், தெற்கே நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்ட கடல்நீர்க் குடிநீர் ஆலைகள் இம்முறையிலேயே இயங்குபவை. ஆக, இது உப்பு நீரை நன்னீராக்கப் பிறந்த முறை. நீரில் வேண்டாத உப்பு இருந்தால்தான் இதற்கு வேலை உண்டு என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

நம் மாவட்ட நீர் ஒரே தன்மையதன்று

திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் நிலத்தடி பெரும்பாலும் கடும்பாறை. பாறை வெடிப்புகளில் தங்கும் நீரே கிணறுகளுக்கு வருகிறது. பாறையுடன் நெடுநாள் உறவாடுவதால் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்து நீர் கடினத்தன்மை அடைகிறது. திருவக்கரை கல்மரப் பூங்கா அமைந்துள்ள வானூர்ப் பகுதியிலோ மணற்பாறை அடுக்குகள் உள்ளன. அங்கே நீரின் தன்மை வேறு. உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் கடலோரத்தில், நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உட்புகும் ஆபத்து உண்டு. தென்பெண்ணை, சங்கராபரணி ஆற்றங்கரைக் கிணறுகளின் நீர் இவற்றினின்றும் மாறுபடும். எனவே அடுத்த ஊரில் உறவினர் கருவி வாங்கினார் என்பது நாமும் வாங்கக் காரணமாகாது. ஒரே ஊரிலும் 100 அடிக் கிணற்றின் நீரும் 400 அடிக் கிணற்றின் நீரும் ஒன்றல்ல.

எவ்வளவு உப்பு இருக்கலாம்?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) கூறும் முக்கிய அளவுகள் பின்வருமாறு. இவை ஒரு லிட்டர் நீரில் மில்லி கிராம் அளவில் தரப்பட்டுள்ளன. முதல் எண் விரும்பத்தக்க அளவு; இரண்டாம் எண் வேறு நீர் கிடைக்காதபோது ஏற்கத்தக்க உச்ச அளவு.

1. கரைந்துள்ள மொத்த உப்புக்கள் (டி.டி.எஸ்.): 500, 2,000
2. மொத்தக் கடினத்தன்மை: 200, 600
3. குளோரைடு: 250, 1,000
4. ஃபுளோரைடு: 1.0; 1.5
5. நைட்ரேட்: 45, இதற்கு மேல் சலுகை இல்லை

பாசன நீர் ஆய்வு அறிக்கை உங்களிடம் இருந்தால் அதில் மின் கடத்தும் திறன் என்ற எண்ணைப் பாருங்கள். டெசிசைமன் அளவிலுள்ள அந்த எண்ணை 640ஆல் பெருக்கினால் மொத்த உப்புக்களின் அளவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். மின் கடத்தும் திறன் 0.78 என்றால் 500 மில்லி கிராம், 3.1 என்றால் 2,000 மில்லி கிராம் எனக் கொள்ளலாம். ஆனால் பாசன ஆய்வு அறிக்கை ஃபுளோரைடு பற்றியோ கிருமிகள் பற்றியோ பொதுவாக ஏதும் சொல்லாது. அதற்குக் குடிநீர் ஆய்வே செய்ய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் இதற்கு வசதி உண்டு.

மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்ட பின், அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசிய சுத்தமான பிளாஸ்டிக் கேனில் இரண்டு லிட்டர் நீர் பிடித்து, அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கிருமி ஆய்வுக்கு ஆய்வகத்தார் தரும் கிருமி நீக்கிய புட்டியையே பயன்படுத்த வேண்டும். அதனை அலசக் கூடாது. கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒரு முறையும் ஆய்வு செய்வது நன்று.

கருவி யாருக்குத் தேவை?

மொத்த உப்புக்கள் 500க்குக் கீழும், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அளவுக்குள்ளும் இருந்தால் ஆர்.ஓ. கருவி தேவையில்லை. 2019ஆம் ஆண்டு மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 500க்குக் குறைவாக உப்புள்ள இடங்களில் இக்கருவியைத் தடை செய்யுமாறு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

உப்புக்கள் 500 முதல் 2,000 வரை இருந்து வேறு நல்ல நீர் கிடைக்குமானால் அந்த நீரைக் குடிக்கப் பயன்படுத்துவதே முதல் வழி. மழைநீரைக் கலப்பதும் ஒரு வழியாகும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. கழிவு போக 800 லிட்டர் சேரும். முதல் மழையை விலக்கி, வடிகட்டி, மூடிய தொட்டியில் சேமித்த நீரைச் சமபங்கு கலந்தால் 1,500 உப்புள்ள நீர் 750 ஆகிவிடும். இந்நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். வேறு வழியில்லாதபோதும், 2,000க்கு மேற்பட்ட உவர்நீருக்கும் ஆர்.ஓ. கருவி உற்ற துணையே.

ஃபுளோரைடு மிகுந்தால் பல்லில் கறையும் எலும்பு நோயும் உண்டாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தொல்லையைத் தவிர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது.

நைட்ரேட்டைப் பற்றி உழவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். எருக்குழி, மாட்டுத் தொழுவம், கழிவறைக் குழி இவற்றுக்கு அருகிலுள்ள கிணறுகளிலும், தழைச்சத்து உரம் மிகுதியாக இடும் வயல்களை அடுத்த கிணறுகளிலும் இது மிகக்கூடும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாயும். இது உயிருக்கே ஆபத்து. காய்ச்சினால் சரியாகும் என்று எண்ணக் கூடாது. காய்ச்சும்போது நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடவே செய்யும். நிறம், மணம், சுவை எதிலும் வேறுபாடு தெரியாது. இத்தகைய நீருக்கு ஆர்.ஓ. கருவி பயன் தரும். கருவி பொருத்தியபின் வெளிவரும் நீரையும் ஒரு முறை ஆய்வு செய்தபிறகே குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும்.

உப்பை முழுதும் நீக்குவது நல்லதா?

கருவி கெட்ட உப்பு, நல்ல உப்பு என்று பிரித்தறியாது. சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்தே வெளியேறும். உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட குடிநீர்ச் சத்துக்கள் பற்றிய நூலில், உப்பு முழுதும் நீக்கிய நீரையே தொடர்ந்து குடிப்பது விரும்பத்தக்கதல்ல என்று ஒரு கட்டுரை எடுத்துரைக்கிறது. லிட்டருக்குச் சுண்ணாம்புச் சத்து 20 மில்லி கிராமும், மக்னீசியம் 10 மில்லி கிராமுமாவது இருத்தல் நன்று என்கிறது அது. அத்தகைய நீரில் சமைத்தால் காய்கறி, தானியங்களிலுள்ள தாதுக்களும் நீரில் இறங்கிவிடும்.

இதற்காக அஞ்சவும் வேண்டாம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து 1,000 மில்லி கிராம். 60 மில்லி கிராம் சுண்ணாம்புள்ள நீரை இரண்டு லிட்டர் குடித்தால் கிடைப்பது 120 மில்லி கிராமே. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லி கிராமுக்கு மேல் உள்ளது. பால், மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவற்றை நாள்தோறும் உண்போர்க்கு நீரில் இழப்பது பெரிதல்ல. இவை குறைந்த குடும்பத்தில் அந்த இழப்பும் கணக்கில் வரும்.

கடின நீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. இதற்கு உறுதியான சான்று இல்லை. வெயிலில் உழைப்பவர் போதிய நீர் அருந்தாமையே கல் உண்டாக முக்கிய காரணங்களுள் ஒன்று.

கழிவு நீரின் கணக்கு

வீட்டுக் கருவிகள் பலவற்றில் 30 லிட்டர் நீர் சென்றால் 10 லிட்டரே குடிநீராகும். 20 லிட்டர் கழிவாகும். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுக்கும் வீட்டில் 40 லிட்டர் கழிவு சேரும். ஆண்டுக்கு 14,600 லிட்டர். மூலநீரில் 1,000 உப்பு இருந்தால் கழிவில் அது சுமார் 1,450 ஆகும். இதனைச் சாக்கடையில் விடாமல் தரை கழுவ, தொழுவம் கழுவ, கழிவறைக்குப் பயன்படுத்தலாம். தோட்டச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு படியும். தென்னைக்கு ஊற்றினாலும் நல்ல நீருடன் கலந்து, வடிகால் உள்ள நிலத்தில் மட்டுமே ஊற்ற வேண்டும்.

கிருமிகளுக்கு எளிய வழி

2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்து, மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளக்காடாயின. வெள்ளம் புகுந்த கிணற்றின் தொல்லை உப்பன்று, கிருமியே. மின்சாரம் இல்லாதபோது ஆர்.ஓ. கருவி இயங்காது. நீர் கொதிவந்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டால் கிருமிகள் அழியும்.

கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீர் ஆழமும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் நீர் இருக்கும். இதற்கு 70 கிராம் போதும். ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்க வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. விற்க வருவோர் இரு இரும்புக் கம்பிகளை நீரில் இட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவதுண்டு. குழாய் நீர் பழுப்பாகும். கருவியின் நீர் தெளிவாக இருக்கும். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பு கரைந்து வந்த துருவே. நல்ல நீரிலும் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்து இவ்வாறு ஆகும். இதனை அழுக்கு என்று நம்ப வேண்டாம்.
2. கையடக்க டி.டி.எஸ். மானி மொத்த உப்பை மட்டுமே காட்டும். சாக்கடை கலந்த நீரும் 300 என்று காட்டலாம்.
3. கருவியில் மூலநீரைச் சிறிது கலக்கும் திருகு இருந்தால், ஃபுளோரைடு, நைட்ரேட் மிகுந்த நீருக்கு அதனை மூடியே வைக்க வேண்டும். கலந்தால் நீக்கிய நஞ்சு மீண்டும் வந்து சேரும்.
4. கருவியின் நீரில் குளோரின் இராது. ஆகவே தொட்டியில் பல நாள் தேங்கினால் கிருமி பெருகும். ஊருக்குச் சென்று திரும்பினால் பழைய நீரை வடித்துவிட வேண்டும்.
5. வடிகட்டிகளைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். வெளிவரும் நீரின் டி.டி.எஸ். நாளடைவில் ஏறினால் சவ்வு பழுதடைந்தது என அறியலாம்.

மண்ணை ஆய்ந்து உரமிடுவது போல நீரை ஆய்ந்தே கருவி வாங்க வேண்டும். ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் உங்கள் வீட்டுக்கு வேண்டியது ஆர்.ஓ. கருவியா, ஒரு மழைநீர்த் தொட்டியா, அல்லது காய்ச்சும் பாத்திரம் மட்டுமா என்பது தானே விளங்கும். கைக்குழந்தை உள்ள வீட்டார் இவ்வாய்வை நாள் கடத்தாமல் இம்மாதமே செய்து கொள்வது நலம்.