கல்லூரிக்குள் ஒரு கோர்ட்

கோர்ட் என்றாலே நம்மில் பலருக்குப் பயம். வக்கீலுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பயம் உண்டு. அதைப் போக்கக் கல்லூரியிலேயே ஒரு கோர்ட் நடத்துகிறார்கள். அதற்கு மாதிரி நீதிமன்றம் என்று பெயர். சட்டப் படிப்பில் இது கட்டாயப் பாடம். கல்லூரிகளுக்குள் போட்டியும் உண்டு.

வழக்கு கற்பனை வழக்கு. சட்டம் மட்டும் உண்மைச் சட்டம். ஒரு தொழிலாளிக்கு முதலாளி கூலி தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி தொழிலாளிக்காகப் பேசுவார். ஒரு மாணவர் முதலாளிக்காகப் பேசுவார். நீதிபதி இடத்தில் இருப்பவர் நடுவிலேயே கேள்வி கேட்பார். "இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்பார். மனப்பாடம் செய்து வந்தவர் திணறிப்போவார்.

அடுத்த சுற்றில் கட்சி மாறும். தேர்தல் கட்சி அல்ல. வழக்கில் நிற்கும் பக்கம். தொழிலாளிக்காகப் பேசிய அணியே இப்போது முதலாளிக்காகப் பேச வேண்டும். "இது என்ன நியாயம்?" என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். "எதிராளி என்ன சொல்வார் என்று தெரிந்தால்தானே அண்ணா பதில் சொல்ல முடியும்?" என்றார். எனக்கும் சரி என்று பட்டது.

ஜெஸ்ஸப் என்ற உலகப் போட்டி 1960-இல் தொடங்கியது. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி மாணவர்கள் 1999-லும் 2013-லும் அதில் வென்றார்கள்.

சட்ட மாணவர்கள் இலவச சட்ட உதவி முகாம்களுக்கும் வருகிறார்கள். உங்கள் ஊருக்கு வந்தால் போய்க் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.