மணிக்கட்டு முறிவு: கம்பியா, தகடா?

அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து விழும் இளைஞருக்கும், ஆவடியில் குளியலறையில் வழுக்கி விழும் மூதாட்டிக்கும் ஒரே இடத்தில் எலும்பு முறியலாம். விழும்போது கையை ஊன்றுவதால், முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிகிறது. “தகடு வைத்தால்தானே நல்லது?” என்பது குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி.

எலும்பு விலகாதிருந்தால் மாவுக்கட்டே போதும். விலகியிருந்தால், வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்து, இழுத்து நேராக்குகிறோம். நேரான எலும்பு மீண்டும் நழுவாதிருக்கப் பின்வரும் முறைகள் உள்ளன.

கம்பி: மெல்லிய எஃகுக் கம்பிகளைத் தோலின் வழியே செலுத்தி, மாவுக்கட்டும் போடுகிறோம். பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் புறநோயாளிப் பிரிவிலேயே கம்பிகளை எடுத்துவிடலாம். கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடிக்க வாய்ப்புண்டு.

தகடு: உள்ளங்கைப் பக்கம் தோலைத் திறந்து, தகட்டைத் திருகுகளால் பொருத்துகிறோம். மணிக்கட்டை விரைவில் அசைக்கத் தொடங்கலாம். செலவு கூடுதல், சில வேளைகளில் தகடு தசைநாணில் உராயும்.

வெளிச்சட்டம்: எலும்பு நொறுங்கி, புண்ணும் திறந்திருந்தால் இது உதவும்.

பிரிட்டனில் 18 மருத்துவமனைகளில் 461 பேரிடம் கம்பியையும் தகட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் வலியிலும் கைப்பயன்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், திறக்காமலே நேராக்க முடிந்த முறிவுகளுக்கே இம்முடிவு பொருந்தும். மூட்டின் பரப்பு உடைந்து, இழுத்தும் நேராகாவிடில் தகடே தேவைப்படலாம்.

500 பேரிடம் நடந்து 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், நேராக்கியபின் மாவுக்கட்டு மட்டும் போடப்பட்டவர்களும் ஓராண்டில் கம்பி வைத்தவர்களைப் போலவே தேறினர். எனினும் அவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு, எலும்பு நழுவியதால் ஆறு வாரங்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. ஆகவே, வலி குறைந்துவிட்டாலும் குறித்த நாளில் எக்ஸ்ரே எடுக்கத் தவறாதீர்கள்.

நம் பகுதியில் சிலர் முதலில் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு, சில வாரங்கள் கழித்து வருகின்றனர். அதற்குள் எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கிவிட்டால், இழுத்து நேராக்குவது அரிது. எளிய கம்பி முறை கைநழுவிப் பெரிய அறுவையே எஞ்சும். எம்முறையைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் வாரத்திலேயே அதனை முடிவு செய்வது நல்லது.

சிகிச்சைக்குப் பின் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டுங்கள். விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, வலி மேன்மேலும் கூடினாலோ விடியும்வரை காத்திராமல் உடனே வாருங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எலும்பின் வலிமையையும் சோதித்துக்கொள்வது, அடுத்த முறிவைத் தடுக்க உதவும்.