பிளாஸ்மா மின்வில்லால் உலோகம் வெட்டும் முறையும் அதற்குரிய காப்பும்

இரும்புத் தகட்டைப் பிராணவாயுவும் அசிட்டிலீனும் கொண்டு வெட்டுவது பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வேலையாகும். அங்கு இரும்பை வெட்டுவது உண்மையில் சுடரன்று; சுடரால் பழுக்கக் காய்ந்த இரும்பு பிராணவாயுவில் எரிந்து, ஆக்ஸைடாகி உருகி ஓடிவிடுகிறது. எவர்சில்வர் என்று பேச்சில் வழங்கும் துருவேறா எஃகிலும் அலுமினியத்திலும் இம்முறை பலிப்பதில்லை. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகும். அதன்மேல் படியும் ஆக்ஸைடோ 2,000 டிகிரியைத் தாண்டினாலன்றி உருகாது. துருவேறா எஃகிலுள்ள குரோமியத்தின் ஆக்ஸைடும் அத்தகையதே. இவை வெட்டுவாயைக் கவசம்போல் மூடிக்கொள்கின்றன. இத்தடையைக் கடக்க வழி காட்டியவர் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் என்பார். அவர் வகுத்த மின்வில் டார்ச்சுக்கு 1957-இல் காப்புரிமை கிடைத்தது.

வாயு ஒன்றின் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து, அவ்வாயுவே மின்கடத்தியாக மாறிய நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். டார்ச்சின் நடுவில் ஹாஃப்னியம் பதித்த செம்பு எலெக்ட்ரோடும், அதைச் சூழ்ந்து நாசிலும் உள்ளன. கையால் பிடித்து வெட்டும் கருவிகளில் நாசிலின் துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே இருக்கும். அச்சிறு துளையின் வழியே மின்வில்லும் அழுத்தக் காற்றும் நெருக்குண்டு வெளிப்படுவதால் வெப்பம் 20,000 டிகிரியளவுக்கு உயர்கிறது. இது உலோகத்தை எரிப்பதைவிட உருக்கி ஊதித் தள்ளுவதையே முதன்மையாகச் செய்கிறது. ஆகவே மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் எதுவாயினும் இதற்கு வழிவிடும்.

இக்கருவியைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் வெல்டிங் வேலையில் தேர்ந்தவராகவே இருப்பார். கருவியும் வெல்டிங் இயந்திரத்தின் தம்பிபோல்தான் தோன்றும். ஆனால் அங்குப் பழகிய பழக்கங்களே இங்குப் பகையாகிவிடக்கூடும் என்பதை அவர் முதலில் உணர வேண்டும்.

மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். வெல்டிங் இயந்திரத்தில் வில் மூளாதபோது 60 முதல் 80 வோல்ட்டு வரை இருப்பது வழக்கம். பிளாஸ்மா கருவியில் அது 200 முதல் 400 வோல்ட்டு வரை செல்லும். அதுவும் நேர் மின்சாரம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையுறையுடன் வெல்டிங் ராடை மாற்றிப் பழகிய கை, அதே துணிச்சலோடு பிளாஸ்மா டார்ச்சின் நாசிலைக் கழற்ற முற்பட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். சுவிட்சை அணைத்து, மின் இணைப்பையும் துண்டித்து, உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியக் கையேடு கூறும் நேரம்வரை காத்திருந்த பின்னரே நாசிலைத் தொட வேண்டும். நாசிலின் மூடி கழன்றிருந்தால் மின்சாரத்தைத் தடுக்கும் காப்பு சுவிட்சு ஒன்று டார்ச்சுகளில் உண்டு. அது அடிக்கடி வேலையை நிறுத்துகிறதென்று கம்பியிட்டு இணைத்துவிடுவோரும் இருக்கின்றனர். இதனினும் பெரிய அறியாமை வேறில்லை. வியர்வையில் நனைந்த கையுறை, கையுறையே அன்று. கம்ப்ரெசரிலிருந்து ஈரக்காற்று வந்தால் நாசிலும் எலெக்ட்ரோடும் விரைவில் தேயும். தேயத் தேய டார்ச்சைத் திறக்க நேரும். ஆகவே தொட்டியில் சேரும் நீரை நாள்தோறும் வடித்துவிடுவதும் ஒருவகைக் காப்பே. எர்த் கிளாம்பைப் பெயிண்டு சுரண்டிய இடத்தில் பொருத்துக. அறுந்து விழப்போகும் துண்டில் பொருத்துதல் கூடாது.

டார்ச்சின் பொத்தானை அழுத்தியதும், பல கருவிகளில், தகட்டைத் தொடாமலே முன்வில் மூண்டுவிடும். நாசிலின் எதிரே கையோ காலோ இருத்தலாகாது. தோல் கையுறை அதற்குத் தடையன்று.

கண்ணாடியிலும் பழக்கம் ஏமாற்றும். வெல்டிங் முகமூடியில் உள்ள 10 அல்லது 11-ஆம் எண் கண்ணாடி வழியே வெட்டுக்கோடு தெரியாது. தெரியவில்லையென்று முகமூடியையே தூக்கிவிட்டு வெட்டுவர். தவறு கண்ணாடியைத் தேர்ந்ததிலேயே இருக்கிறது. மின்வில் தகட்டுக்குள் மறைந்து நிற்கும்போது 40 ஆம்பியர் வரை 5-ஆம் எண்ணும், 60-க்கு மேல் 300 வரை 8 அல்லது 9-ஆம் எண்ணும் போதும். வெறுங்கண்ணில் பட்ட புற ஊதாக் கதிர்களின் விளைவு உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் கொட்டியதுபோல் நோவு தொடங்கும். அருகில் நின்று வேடிக்கை பார்ப்போருக்கும் இது பொருந்தும்.

புகையின் விஷயமும் இத்தகையதே. காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் வில்லின் வெப்பத்தில் கூடி நைட்ரஜன் டையாக்ஸைடு உண்டாகிறது. இதை மிகுதியாகச் சுவாசித்தவர் அப்போது நலமாகவே இருந்து, வீடு திரும்பிய பின் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறக்கூடும். துருவேறா எஃகின் புகையில் புற்றுநோய் விளைக்கும் அறுமதிப்புக் குரோமியம் கலந்திருக்கிறது. நாகம் பூசிய தகடு காய்ச்சலை உண்டாக்கும். குளோரின் கலந்த திரவங்களால் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய உலோகத்தை நன்கு உலர்த்தாமல் வெட்டினால் நச்சு வாயுவான பாஸ்ஜீன் தோன்றலாம். கதவைத் திறந்து வைத்தல் போதாது. வெட்டும் இடத்திலேயே புகையை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

நீர்த்தொட்டி மேசைமீது அலுமினியம் வெட்டுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். நீரில் விழுந்த அலுமினியத் துகள்கள் மெல்ல மெல்ல ஹைட்ரஜனை வெளிவிடுகின்றன. அவ்வாயு தகட்டின் கீழ் இரவெல்லாம் தேங்கிக் கிடந்து, காலையில் மூட்டும் முதல் வில்லிலேயே வெடிக்கக்கூடும். நீரைக் கலக்கி, காற்றோட்டம் செய்து, தொட்டியின் அடியில் சேர்ந்த கசடை அகற்றிய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

பெட்ரோல், பெயிண்டு முதலியன இருந்த பீப்பாய்கள் காலியாகத் தோன்றினும் ஆவி தங்கியிருக்கும். இவற்றில் வெப்ப வேலை செய்வது பற்றி 1948-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைகள் சட்டமே 37-ஆம் பிரிவில் தனியே விதி வகுத்திருந்தது: உள்ளிருப்பதை நீக்கி, ஆவியையும் தீங்கற்றதாக்காமல் அவற்றை வெட்டலாகாது. அழுத்தக் காற்று தள்ளும் பொறிகள் வெகுதூரம் தெறிக்கும். சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது. பொறி ஒன்று மரத்தூளிலோ சாக்கிலோ ஒளிந்து புகைந்துகொண்டிருக்கலாம். ஆதலின் வெட்டு முடிந்து கருவியை அணைத்த பிறகும், அரை மணிக்குக் குறையாமல், இயலுமாயின் ஒரு மணி நேரம், தீயணைப்பானுடன் ஒருவர் அங்கேயே காவல் இருத்தல் வேண்டும்.